இரண்டு தாள்கள் இரண்டு விதமாகச் சொன்னால்?

எமது மாலை வகுப்புக்கு வரும் தரம் 9 மாணவி ஒருத்தியிடம் டெங்கு பற்றிய இரண்டு துண்டுப்பிரசுரங்களைக் கொடுத்து, "வாசித்து விளங்கியதை எழுது பிள்ளை" என்றேன். முதலாவதிலிருந்து ஐந்து வரி, இரண்டாவதிலிருந்து ஐந்து வரி எழுதித் தந்தாள். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் புகையடித்தால் போதும் என்றது ஒரு தாள்; தேங்கிய நீரை அகற்றாமல் புகையடித்துப் பயனில்லை என்றது மற்றது. அதைச் சுட்டிக்காட்டியதும் அவள் கேட்டாள்: "அப்ப எது அக்கா சரியான விடை?"

முதல் தாளை அச்சிட்டவர் புகையடிக்கும் வேலை செய்பவர். தாளின் அடியிலேயே அது இருந்தது. அவள் பார்க்கவில்லை.

அவளைக் குறைகூற முடியாது. 1991இல் அமெரிக்காவில் சாம் வைன்பேர்க் என்பவர் ஒரே போரைப் பற்றிய பல ஆவணங்களை வரலாற்றாசிரியர்களிடமும் மாணவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார். வரலாற்றாசிரியர்கள் எழுதியவர் யார் என்பதை முதலில் தேடினார்கள். மாணவர் பலர் முதல் வரியிலிருந்தே வாசிக்கத் தொடங்கினார்கள்.

இந்தத் திறனை எப்படிப் பரீட்சிப்பது? 15 வயதினருக்கான பீசா என்னும் சர்வதேசத் தேர்வில் 2018ஆம் ஆண்டு வந்த ஒரு வினாவைப் பாருங்கள். பசுபிக் கடலிலுள்ள ராப்பா நூயி தீவின் பெருமரங்கள் எப்படி அழிந்தன? ஒரு பேராசிரியரின் குறிப்பு, ஒரு நூல் விமர்சனம், ஓர் அறிவியற் செய்தி என மூன்று வாசிப்புகள். மனிதர் வெட்டினர் என்கிறது ஒன்று. எலிகள் விதைகளைத் தின்றன என்கிறது இன்னொன்று. இரு தரப்பும் எதில் உடன்படுகின்றன என்று கேட்டார்கள். கடைசியில், உன் முடிவு என்ன என்றார்கள். எந்தப் பக்கம் நின்றாலும், "இன்னும் ஆராய வேண்டும்" என்றாலும் புள்ளி உண்டு. வாசித்தவற்றிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பயிற்சிகளிலோ பெரும்பாலும் ஒரு பந்தி, கீழே ஐந்து கேள்வி. நாற்பது கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியைக்கு அதுவே இலகு என்பதும் உண்மைதான். இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கு போன்ற தெரிந்த விடயத்தைக் கொடுத்தால், விடை தாளிலிருந்து வந்ததா, வீட்டில் கேட்டதிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முடியாது. நான் விட்ட பிழை அது.

தாய்மாரே, ஒரே செய்தியை இரண்டு பத்திரிகைகளில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எது ஒத்துப்போகிறது, எது முரண்படுகிறது, எழுதியவர் யார் என்று மட்டும் கேளுங்கள்.

சில வாரங்களின் பின் அந்தப் பிள்ளை தாய் எடுக்கவிருந்த கடனின் விளம்பரத்தாளையும் ஒப்பந்தத்தையும் கொண்டுவந்தாள். "இதில வட்டி மட்டும்தான் அக்கா இருக்கு. அதில காப்புறுதி, ஆவணக் கட்டணம் எல்லாம் போட்டிருக்கு." தாய் அதுவரை கையெழுத்து வைத்திருக்கவில்லை.