ஆய்வக வேலை: சம்பளமா, ஃபெலோஷிப்பா? முதல்ல இதைப் பாருங்க

ஃபார்மா கம்பெனி வேலையை விட்டுட்டு, ஹைதராபாத் சிசிஎம்பி மாதிரி உயிரியல் ஆய்வகத்துல சேரலாமான்னு யோசிக்கிறீங்களா? ஆஃபர் லெட்டர்ல பதவியின் பெயரைக் கவனியுங்க.

ஜேஆர்எஃப் என்றால் அது சம்பளம் இல்லை, உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. படிப்புக்கான உதவித்தொகை என்பதால் பொதுவாக வருமான வரி கிடையாது. ஆனா, பிஎஃப், கிராஜுவிட்டியும் கிடையாது!

ப்ராஜெக்ட் பணியாளர் என்றால் தொகுப்பூதியம். அது வரிக் கணக்கில் வரும். திட்டம் முடிஞ்சா வேலையும் முடிஞ்சிடும்.

உதவித்தொகை சில நேரம் தாமதமாகவும் வரும். அதனால, ஆறு மாசச் செலவுக்குப் பணம் ஒதுக்குங்க. பிபிஎஃப் கணக்கை நீங்களே தொடங்குங்க. இஎம்ஐ போக மிச்சம் எவ்வளவுன்னு கணக்கு போட்டுட்டு, அப்புறமா ராஜினாமா கடிதம் எழுதுங்க.