மீன் உண்பதெல்லாம் உடலில் சேருமா?

மலைநாட்டில் மரக்கறித் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் சிறு குளம் வெட்டி மீன் வளர்க்க முற்படும் கமக்காரர், முதலில் நாடுவது வீட்டிலுள்ள தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையுமே. தீனியை எறிந்தவுடன் மீன்கள் விரைந்து வந்து கவ்வுவதைக் காணும்போது, செலவிட்ட காசு வீண்போகவில்லை என மனம் நிறைவது இயல்பே. ஆயின் உண்பது வேறு, சமிப்பது வேறு. உண்ட தீனியில் ஒரு பகுதியே குடலிற் சமிபாடடைந்து உடலிற் சேர்கிறது. எஞ்சியது எச்சமாகி நீரிற் கலக்கிறது. சேர்ந்த பகுதி எவ்வளவு என்பதை அளப்பதற்கு ஆய்வுகூட முறைகள் உள்ளன.

மூடையிற் குறித்த புரதம்

தீனி மூடையில் அச்சிடப்படும் புரத அளவு, பொதுவாகத் தீனியிலுள்ள நைதரசனை அளந்து 6.25 ஆற் பெருக்கிக் கணிக்கப்படுவதாகும். அப்புரதத்தில் மீனுக்குப் பயன்படுவது எவ்வளவு என்பதை அவ்வெண் கூறாது. கோழி இறகில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேற் புரதம் உண்டு. எனினும், பதப்படுத்தாத இறகை மீனின் குடல் பெரும்பாலும் சமிக்கச் செய்வதில்லை. ஆகவே, புரதம் மிகுந்த தீனியெல்லாம் நல்ல தீனி எனக் கொள்ளுதல் தவறாகும்.

அடையாளப் பொருள்

சமிபாட்டை அளப்பதற்குத் தீனியுடன் ஓர் அடையாளப் பொருள் சிறிதளவு சேர்க்கப்படும். நெடுங்காலமாகப் பயன்பட்டுவருவது குரோமிக் ஒட்சைட்டு என்னும் பச்சை நிறத் தூளாகும். நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை இது கலக்கப்படும். மீனின் குடல் இதனை உறிஞ்சுவதில்லை. உட்சென்றவாறே எச்சத்துடன் வெளிவரும். தீனியின் பிற சத்துக்கள் உடலிற் சேரச் சேர, எச்சத்தில் இத்தூளின் செறிவு உயரும்.

எடுத்துக்காட்டாக, தீனியில் நூற்றுக்கு 1 பங்காக இருந்த தூள் எச்சத்தில் 4 பங்காகக் காணப்பட்டதெனக் கொள்வோம். நான்கு பங்கு தீனி ஒரு பங்கு எச்சமாகக் குறைந்தது என்பதே இதன் பொருள். அஃதாவது நூற்றுக்கு 75 பங்கு தீனி சமித்தது.

தவிடு, புண்ணாக்கு போன்ற ஒரு பொருளைத் தனியே ஊட்டிச் சோதித்தல் எளிதன்று. மீன் அதனைச் செவ்வனே உண்ணாது. எனவே 70 பங்கு அடிப்படைத் தீனியுடன் 30 பங்கு சோதனைப் பொருள் கலக்கப்படும். அடிப்படைத் தீனி நூற்றுக்கு 80 பங்கும், கலவை 71 பங்கும் சமித்தால், கலவையிலுள்ள 70 பங்கு அடிப்படைத் தீனியிலிருந்து சேர்ந்தது 56. எஞ்சிய 15 பங்கு, சோதனைப் பொருளின் 30 பங்கிலிருந்து வந்தது. ஆகவே அப்பொருளின் பாதியே சமித்தது.

எச்சத்தைச் சேர்க்கும் முறை

இச்சோதனையிற் கடினமான பகுதி எச்சத்தைச் சேர்ப்பதேயாகும். எச்சம் நீரிற் கிடந்தால் சத்துக்கள் கரைந்துபோய், தீனி உள்ளபடியைவிட நன்கு சமித்தது போலத் தோன்றும். மீனின் வயிற்றை அழுத்தி எடுத்தாலோ, சமிபாடு முடியாத உணவும் உடல் நீரும் கலந்து, குறைவாகச் சமித்தது போலத் தோன்றும். இதற்கெனக் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் 1970களில் ஒரு தொட்டி அமைக்கப்பட்டது. அதில் எச்சம் நீரோட்டத்துடன் சென்று ஒரு குழாயில் விரைவாகப் படியும்.

கண்ணாடிக் கலத்திலும் சோதனை செய்யலாம். ஐதான அமிலத்துடன் பெப்சின் என்னும் நொதியத்தைச் சேர்த்து, அதில் தீனியை ஊறவைத்து, கரையாது எஞ்சும் புரதம் அளக்கப்படும். இது விரைவானது, எனினும் உயிருள்ள மீனிற் செய்யும் சோதனைக்கு ஈடாகாது.

மீனுக்கு மீன் வேறுபாடு

ஒரு மீனிற் கண்ட முடிவை மற்றொன்றுக்கு அப்படியே கொள்ளலாகாது. 1880களில் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் விடப்பட்ட ட்ரவுட் மீனுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை உண்டு. சாதாரண கெண்டைக்கு இரைப்பையே இல்லை. ஆகவே மீன் தூளிலுள்ள எலும்பின் பொசுபரசைக் கெண்டை நன்கு பயன்படுத்த இயலாது. மாப்பொருளையோ, ட்ரவுட்டைவிடக் கெண்டை நன்கு சமிக்கச் செய்யும். தவிட்டிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் பயன்படாது வெளியேறும்.

அவ்வாறு வெளியேறும் பொசுபரசு நீரிற் பாசியை வளர்க்கும். மரக்கறிப் பாத்தியிலிருந்து மழையிற் கழுவப்படும் பசளையும் அதனுடன் சேரும். அந்நீர் ஓடைவழியே கிரகரி வாவியையோ, அட்டனுக்கு அருகே 1965 இல் அமைந்த காசல்ரீ நீர்த்தேக்கத்தையோ சென்றடையக்கூடும். சமிக்காத தீனி கமக்காரரின் பணத்தைக் கரைப்பதுடன் பொது நீரையும் கெடுக்கும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. சோயா அவரையைப் பச்சையாக இடலாகாது. புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. நன்கு அவித்தால் அதன் வலிமை பெரிதும் குறையும்.

2. புதுத் தவிட்டையே பயன்படுத்துக. நாட்பட்டால் அதன் எண்ணெய் கெட்டு நாற்றமடையும்.

3. புண்ணாக்கில் நார் மிகுதி. அதனை மட்டுமே தீனியாக நம்புதல் கூடாது.

4. குளிர் மிகுந்த நாட்களில் மீன் குறைவாக உண்ணும். தீனியையும் குறைத்தல் வேண்டும்.

5. பூச்சிமருந்து தெளித்த கோவா இலைகளைக் குளத்தில் இடுதல் ஆகாது.

6. தீனி வாங்கும்போது, எம்மீனுக்கு உரியது எனவும் சமிபாட்டு அளவு யாது எனவும் வினவுக.

குரோமிக் ஒட்சைட்டு ஆய்வுகூடத்திற்கு மட்டுமே உரியது; கமக்காரர் அதனைத் தீனியிற் கலத்தலாகாது. குளம் வெட்டுமுன், 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலரை அணுகி ஆலோசனை பெறுதல் நன்று. தீனியை வாங்கும் விலையால் மட்டும் மதியாது, உடலிற் சேரும் அளவால் மதிப்பவரே மீன் வளர்ப்பில் பயன் காண்பர்.