பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க!

அப்பாவோட பழைய புல்லட்டுக்கு ஒரே வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தினேன். கிட்டத்தட்ட 4,000 ரூபாய் காலி. மூணாவது தடவையும் பேட்டரி இறங்கிடுச்சு, ஹார்ன் கூட அடிக்கல. அப்போதான் 400 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். நீங்களும் இதே வரிசையில பாருங்க. இந்த அளவுகள் 12 வோல்ட் வண்டிக்கு மட்டும்தான். ரொம்ப பழைய 6 வோல்ட் வண்டிக்குப் பொருந்தாது.

1. பேட்டரி: வண்டியை சில மணி நேரம் நிறுத்தி வச்சுட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளங்க. 12.6 இருந்தா ஃபுல் சார்ஜ். 12-க்குக் கீழே போனா பேட்டரி இறங்கியிருக்கு. ஆனா இறங்கின பேட்டரி எல்லாம் செத்த பேட்டரி இல்லை! சார்ஜ் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

2. சார்ஜிங்: இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, லேசா ஆக்ஸிலரேட்டர் முறுக்குங்க. பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரணும். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் மேல சந்தேகம். என் வண்டியில் வந்தது 12.3 மட்டுமே. "ரெகுலேட்டர் போச்சு, புதுசு போடலாம்"னு மெக்கானிக் சொன்னார்.

3. எர்த்: வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பார்த்தேன். அதே மாதிரி இன்ஜின் ஓடும்போது, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொன்றை சேசிஸில் பெயிண்ட் இல்லாத இடத்துல வைங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். எனக்கு 1.3 காட்டிச்சு! முன்னாடி சேசிஸுக்கு பெயிண்ட் அடிச்சப்போ, எர்த் ஒயர் போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினேன். சார்ஜிங் 13.6!

4. கசிவு: இதெல்லாம் சரியா இருந்தும் பேட்டரி இறங்குதா? சாவியை எடுத்துட்டு நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்க. சிவப்பு ஒயரை மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு மாத்தி, கழற்றின ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மீட்டரை வைங்க. பழைய வண்டியில் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரணும். இந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. முடிஞ்சதும் ஒயரை வோல்ட் துளைக்கு மாத்த மறக்காதீங்க. மறந்துட்டு பேட்டரியை அளந்தா ஷார்ட் ஆகிடும்.

வீட்டு பட்ஜெட்டுக்கும் நாம இதைத்தானே சொல்றோம்? ஓட்டை எங்கேன்னு பார்க்காம தண்ணி ஊத்தினா குடம் நிறையாது. முதல்ல அளங்க, அப்புறம் செலவு பண்ணுங்க!