எழுதுபவர் தலையில் ஏறிய கட்டணம்

ஆராய்ச்சிக் கட்டுரையை ஆய்விதழில் வெளியிட ஆகும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே விடைதான் இருந்தது: வாசகர், அதாவது அவருக்காகச் சந்தா கட்டும் நூலகம். கடந்த இருபது ஆண்டுகளில் பல ஆய்விதழ்களில் இது தலைகீழாகிவிட்டது. வாசிப்பவருக்குக் கட்டுரை இலவசம். எழுதியவர் பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகைக்குக் கட்டுரைச் செயலாக்கக் கட்டணம் என்று பெயர். ஆராய்ச்சியாளர்கள் ஏபிசி என்பார்கள். யாரும் தடையின்றிப் படிக்கலாம் என்ற நிலைக்குத் திறந்த அணுக்கம் என்று பெயர். கட்டணம் அந்த நிலையை அடைவதற்கான வழிகளில் ஒன்று மட்டுமே. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைப்பது கட்டணம் வாங்கும் பதிப்பகங்களுக்கு வசதியாக இருக்கிறது.

சந்தா விலை ஆண்டுக்காண்டு ஏறி, வசதியான பல்கலைக்கழகங்களே இதழ்களை நிறுத்தத் தொடங்கிய காலத்தில் பிறந்தது திறந்த அணுக்க இயக்கம். 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை அதற்கு உருவம் தந்தது. வளமான நாடுகளின் அறிவு ஏழை நாடுகளுக்கும், ஏழை நாடுகளின் அறிவு வளமான நாடுகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அது விரும்பியது. முதல் பாதி பெருமளவு நடந்திருக்கிறது. மலாவியிலோ மதுரையிலோ இருக்கும் மாணவர் இன்று லட்சக்கணக்கான கட்டுரைகளைக் காசில்லாமல் படிக்கலாம். சிக்கல் இரண்டாம் பாதியில். அங்கே குறுக்கே நிற்பது கட்டணம்.

லாப நோக்கில்லாத பிளாஸ் நிறுவனம் 2003இல் தன் முதல் இதழைத் தொடங்கியபோது கட்டணம் 1,500 டாலர். இன்று நடுத்தர மதிப்புள்ள ஓர் இதழில் 2,000 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். 2021 தொடக்கத்தில் நேச்சர் இதழ் திறந்த அணுக்கத்துக்கு வைத்த விலை 9,500 யூரோ. வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை நிராகரிப்பதாலும், முழுநேர ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவதாலும் அவ்வளவு ஆகிறது என்பது பதிப்பகத் தரப்பு விளக்கம். இந்தியாவில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஓர் ஆய்வு மாணவர் இரண்டு ஆண்டு உதவித்தொகையை ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும், இன்றைய மாற்று விகிதத்தில் அந்த 9,500 யூரோவை எட்ட முடியாது. கட்டுரையை மதிப்பாய்வு செய்யும் அறிஞர்களுக்குப் பொதுவாக ஊதியம் எதுவும் இல்லை. எல்செவியர் போன்ற பெரும் பதிப்பகங்களின் லாப விகிதமோ முப்பது சதவீதத்துக்கு மேல். செலவை ஈடுகட்டத்தான் கட்டணம் என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் வலுவிழக்கிறது.

ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கும் ஆராய்ச்சியாளர் இந்தப் பணத்தைத் தன் பையிலிருந்து எடுப்பதில்லை. அவருடைய நிதி நல்கையில் அதற்கென்று ஒரு தொகை இருக்கும். இல்லையென்றால் பல்கலைக்கழகம் பதிப்பகத்தோடு மொத்த ஒப்பந்தம் போட்டிருக்கும். நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்படியொரு செலவினத் தலைப்பே கிடையாது. அங்கிருப்பவர்களுக்கு வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சந்தா இதழ்களில் இன்றும் இலவசமாக வெளியிடலாம். ஆனால் அந்தக் கட்டுரை சந்தாச் சுவருக்குள் அடைபடும், படிப்பவர்களும் மேற்கோள் காட்டுபவர்களும் குறைவார்கள். ஒரு துறையின் நல்ல இதழ்கள் முழுக்கத் திறந்த அணுக்கத்துக்கு மாறிவிட்டால் அந்த வாசலும் மூடிக்கொள்ளும்.

பதிப்பகங்கள் இதற்குச் சொல்லும் பதில் கட்டண விலக்கு. உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளும் பதிப்பகங்களும் சேர்ந்து நடத்தும் ரிசர்ச் ஃபார் லைஃப் திட்டம், ஏழை நாடுகளுக்கு ஆய்விதழ்களைக் குறைந்த செலவில் படிக்கத் தருவதற்காக அந்நாடுகளை ‘ஏ’, ‘பி’ என இரண்டு பிரிவுகளாக வகுத்திருக்கிறது. பல பதிப்பகங்கள் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு, முதல் பிரிவுக்கு முழு விலக்கும் இரண்டாம் பிரிவுக்குப் பாதித் தள்ளுபடியும் தருகின்றன. இந்தியா இரண்டிலும் இல்லை. வேறு சில பதிப்பகங்கள் உலக வங்கியின் வருமான வகைப்பாட்டைப் பின்பற்றினாலும், மொத்த உற்பத்தி 20,000 கோடி டாலரைத் தாண்டிய நாடுகளை விலக்கிவிடுகின்றன. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இந்தியாவும் நைஜீரியாவும் வங்கதேசமும் இன்னும் ஏழைகளே. மக்கள்தொகை பெரிது என்பதால் மொத்தத் தொகை பெரிதாகிறது. ஆளுக்கு ஒரு பிடிச் சோறு மட்டுமே கிடைக்கும் கூட்டுக் குடும்பத்தை, பானை பெரிது என்பதற்காகப் பணக்காரர் பட்டியலில் சேர்ப்பது போன்ற கணக்கு இது.

பட்டியலில் இருக்கும் நாட்டுக்கும் நிபந்தனைகள் உண்டு. சில பதிப்பகங்களில் எழுதியவர்கள் எல்லோருமே பட்டியல் நாட்டினராக இருந்தால்தான் விலக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எழுதினால் அது போய்விடும். சந்தாவும் கட்டணமும் கலந்த இதழ்களுக்குப் பெரும்பாலும் விலக்கே கிடையாது. பாதித் தள்ளுபடி என்பதும் 2,000 டாலரில் 1,000 டாலர்தான். அந்த 1,000 பல நாடுகளில் ஒரு விரிவுரையாளரின் சில மாதச் சம்பளம். எல்செவியர் நடத்திய ‘கண்ணாடி’ இதழ்களை வைத்து அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று கட்டணத்தின் விளைவைச் சோதித்துப் பார்த்தது. ஆசிரியர் குழுவும் தர அளவுகோலும் ஒன்றே. ஓர் இதழ் சந்தாவில் ஓடும், அதன் இரட்டை இதழ் கட்டணத்தில் ஓடும். கட்டண இதழில் எழுதியவர்களில் பெரும்பாலோர் வளமான நாட்டினர். விலக்கு இருந்தும், மிக ஏழை நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் தலைமை ஏற்று எழுதிய கட்டுரைகள் அங்கே வரவில்லை. மறுக்கப்படக்கூடிய சலுகையை நம்பி யாரும் ஓராண்டு உழைப்பை அனுப்புவதில்லை.

இந்த இடைவெளியில் போலி இதழ்கள் பிழைத்தன. சில ஆயிரம் ரூபாய் கட்டினால் மதிப்பாய்வு இல்லாமலே ஒரு வாரத்தில் வெளியிட்டுவிடுவார்கள். பதவி உயர்வுக்கும் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை தேவைப்பட்டதால் இந்தியாவில் அவற்றுக்கு நல்ல சந்தை. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட இதழ்களை ஒரேயடியாக நீக்க வேண்டிவந்தது.

கட்டணமே இல்லாத திறந்த அணுக்கம் சாத்தியம் என்பதற்கு லத்தீன் அமெரிக்கா சாட்சி. 1998இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் தொடங்கிய சைலோ தளம் இன்று பல நாடுகளின் இதழ்களைத் தாங்குகிறது. மெக்சிகோவின் ரெடாலிக், எழுதுபவரிடம் பணம் வாங்காத இதழ்களையே சேர்க்கிறது. அங்கும் செலவு உண்டு. அதைப் பல்கலைக்கழகங்களும் அரசும் நேரடியாக ஏற்கின்றன. இதை வைரத் திறந்த அணுக்கம் என்கிறார்கள். இலங்கையின் இதழ்களை 2008 முதல் இணையத்தில் தரும் ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன் தளமும், சர் சி. வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்களும் ஏறத்தாழ இதே மரபில் வந்தவை.

இன்னொரு வழி, கட்டுரையின் இறுதிப் பிரதியை ஆராய்ச்சியாளரே பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவது. இதற்குக் காசு தேவையில்லை. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிஞர் சுப்பையா அருணாசலம் இதை நீண்டகாலமாக வலியுறுத்தி வந்தவர், 2004இலேயே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்காகப் பயிலரங்குகள் நடந்தன. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இல் வெளியிட்ட கொள்கையும் இதையே கேட்டது. ஏபிசியை ஏற்கப்போவதில்லை என்றும் சொன்னது. ஆனால் ஏற்றாவிட்டால் யாரும் கேட்பதில்லை என்பதால் களஞ்சியங்கள் மெதுவாகவே நிரம்புகின்றன.

நிதி தருபவர்களின் மனநிலையும் மாறி வருகிறது. கேட்ஸ் அறக்கட்டளை 2025 முதல் இந்தக் கட்டணத்துக்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டது. இந்தியாவோ 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300 அரசு நிறுவனங்களில் இதனால் படிக்கலாம். தனியார் கல்லூரிகள் இதில் சேரவில்லை. முதன்மையாக இது வாசிப்புக்கான ஒப்பந்தம். புடாபெஸ்ட் அறிக்கையின் முதல் பாதிக்கே பெரும்பணம் போகிறது. 2027 முடிவில் பதிப்பகங்களோடு மறுபடி பேசி விலை முடிவு செய்ய வேண்டியிருக்கும். இவ்வளவு பெரிய தொகையைக் கையில் வைத்திருக்கும் வாடிக்கையாளர், தன் ஆராய்ச்சியாளர்களின் வெளியீட்டுக் கட்டணத்தையும் அந்தப் பேரத்தில் சேர்த்துக் கேட்க முடியும். உள்நாட்டு இதழ்களைத் தூக்கி நிறுத்த ஒரு பகுதியைத் திருப்பிவிடவும் முடியும்.