உங்களுக்குத் தெரியுமா? பல்லேகலப் பக்கத்து ‘ஏரி’ மனிதர் கட்டியது

இலங்கையின் கண்டிக்கு அருகே பல்லேகல, திகன, ராஜவெல்லப் பக்கம் சொகுசு விடுதியில் தங்குபவர்கள் நீர்ப்பரப்பைப் பார்த்த அறையைத்தான் விரும்பிக் கேட்பார்கள். அதை இயற்கையின் கொடை என்று நினைப்பது தவறு. மகாவலி கங்கையை மறித்துக் கட்டி 1985இல் திறந்த விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் அது. அணையின் உயரம் 122 மீட்டர். இலங்கையில் இதைவிட உயரமானது இல்லை. பழைய தெல்தெனிய நகரம் இந்த நீர்த்தேக்கத்துக்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும்.

காசு கொடுத்து ஓய்வெடுக்க வந்தவருக்கு மூழ்கிய ஊரின் கதை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கதை தெரிந்ததால் காட்சியின் அழகு குறைவதில்லை. அந்தச் சுகத்துக்கு ஓர் ஊரே இடம்விட்டது என்பதுதான் புரிகிறது. தவிர, இந்த நீர் வெறும் காட்சியும் அல்ல. அறையின் ஏசிக்கும் லிப்டுக்கும் மின்சாரம் தரும் தேசிய மின்கட்டமைப்புக்கு 210 மெகாவாட் வரை வழங்கக்கூடிய மின்நிலையம் இதை நம்பித்தான் இயங்குகிறது. அங்கே தங்கினால், பழைய தெல்தெனிய எந்தப் பக்கம் இருந்தது என்று விடுதிப் பணியாளரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.