மாடி வீட்டாரும் மேம்பாட்டாளரும்



1990களில் புத்ராஜெயா நகரத்திற்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் எடுக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் பட்டணத்தில் மாடி வீடு வாங்குகின்றனர். லயத்துக் கூரை ஒழுகினால் கிராணியாரிடம் போய்ச் சொன்னோம். மாடி வீட்டுக் கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வது?

மாடி வீட்டில் நம் சுவர்களுக்கு உள்ளே இருப்பது நம்முடையது. மின்தூக்கி, படிக்கட்டு, கூரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை எல்லாருக்கும் பொதுவானவை. இவற்றைப் பராமரிக்கும் முறையை 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் வகுத்துள்ளது. தீபகற்ப மலேசியாவில் 2015 ஜூன் மாதம் முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

சாவி கொடுத்த தொடக்கத்தில், வீடுகளைக் கட்டிய மேம்பாட்டாளரே நிர்வாகத்தையும் கவனிப்பார். நாம் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவோம். அதில் பத்தில் ஒரு பங்கைச் சேமநிதிக்கும் சேர்த்துச் செலுத்த வேண்டும். கட்டணம் 80 ரிங்கிட் என்றால், சேமநிதிக்கு மேலும் 8 ரிங்கிட். கட்டடத்திற்குச் சாயம் பூசுவது போன்ற பெரிய செலவுகளுக்கு அந்த நிதி உதவும். விற்காமல் மீந்திருக்கும் வீடுகளுக்கு மேம்பாட்டாளரும் இதே கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். பல இடங்களில் தகராறு தொடங்குவது இங்கேதான்.

சாவி கொடுத்த 12 மாதத்திற்குள் மேம்பாட்டாளர் முதல் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அங்கே கூட்டு நிர்வாக மன்றம் அமையும். பிறகு கணக்கையும் மிச்சப் பணத்தையும் அவர் அம்மன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும். கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவு கேட்கிறோம் அல்லவா? அதே உரிமையோடு இங்கும் கேட்கலாம். கூட்டமே கூட்டவில்லை என்றால், ஊராட்சி மன்றத்திலுள்ள கட்டட ஆணையரிடம் எழுத்து மூலம் முறையிடலாம்.

அடுத்தது கட்டடத்தின் குறைகள். வீடமைப்புச் சட்டத்தின் கீழ் நாம் கையொப்பமிடும் ஒப்பந்தப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதத்திற்குள் தெரியவரும் குறைகளுக்கு மேம்பாட்டாளரே பொறுப்பு. சுவர் வெடித்தாலும், தண்ணீர் கசிந்தாலும், பொது இடத்தில் பழுது கண்டாலும் அவர் தம் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். நாம் எழுத்து மூலம் அறிவித்ததும் 30 நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும். அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் பின்னர் சாட்சி இருக்காது. கடிதம் எழுதுங்கள், நாள் குறிப்பிடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், குறையைப் படம் பிடித்தும் வையுங்கள். 24 மாதம் கடந்தபின் தெரியவரும் குறைகளை, பெரும்பாலும் நம் கட்டணப் பணத்திலிருந்தே சரிசெய்ய நேரிடும்.

“மின்தூக்கி ஓடவில்லை, ஆகவே நான் பணம் கட்டமாட்டேன்” என்று சிலர் கோபமாகச் சொல்வார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் பொதுக்கூட்டத்திற்கு ஏழு நாள் முன்னதாகக் கட்டண பாக்கி இருந்தால், அக்கூட்டத்தில் அவர் வாக்களிக்க முடியாது. நிர்வாகத்தை மாற்ற நினைப்பவரே வாக்கை இழந்து நிற்பார். பணத்தைக் கட்டி ரசீதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதே பயனுள்ள வழி.

பேச்சில் தீராவிட்டால், அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் இல்லாமல் நாமே அங்கு நேரில் பேசலாம்.

தனி ஒருவர் எழுதும் கடிதத்தைவிட, மன்றத்தின் பெயரில் போகும் கடிதத்திற்கு மதிப்பு அதிகம். ஆகவே, பொதுக்கூட்ட அறிவிப்பு வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டால், அதைக் கிழித்துப் போடாமல் அந்த நாளைக் குறித்து வையுங்கள். கணவனும் மனைவியும் கலந்து பேசி, கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்குப் படித்த பிள்ளைகள் கடிதம் எழுதிக் கொடுத்து உதவ வேண்டும்.