கூட்டு மருந்தும் ஒப்பீட்டுச் சோதனையும்

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் ஒன்றாக்கித் ‘திரிகடுகம்’ எனப் பெயரிட்ட மரபு நம்முடையது. எனவே மருந்தோடு மருந்தைக் கூட்டுதல் நமக்குப் புதிதன்று. ஆயின், கூட்டியதால் விளைந்தது நன்மையா தீமையா என்பதை எங்ஙனம் அறிவது? குருதிப் புற்றுநோயைப் பொறுத்தவரை இது உயிர் பற்றிய வினாவாகும்.

குருதிப் புற்றுநோய்களுள் ஒன்று மைலோமா. எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் கட்டுக்கடங்காது பெருகுவதால் வருவது. முதலில் மருந்துக்கு அடங்கும்; பின்னர்ப் பலருக்கு மீண்டும் தலைதூக்கும். மருந்துக்குத் தப்பிய செல்களே அவ்வாறு பெருகுகின்றன. ஆதலின் வெவ்வேறு வழிகளில் தாக்கும் மருந்துகளை மருத்துவர் ஒருசேரத் தருகின்றனர்.

நோய் திரும்பியவர்களும் மருந்துக்குப் பணியாத நோயுடையவர்களுமாக 569 பேரிடம் நடந்த ‘போலக்ஸ்’ ஆய்வு 2016இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் ஆகியவற்றை அளித்தனர். மறு பிரிவினர்க்கு அவற்றோடு டாராடுமுமாப் மருந்தையும் சேர்த்தனர். ஓராண்டில் நோய் முற்றாமல் வாழ்ந்தோர் முதற் பிரிவில் 60.1 விழுக்காடு, அடுத்ததில் 83.2 விழுக்காடு. கூட்டு வென்றது.

‘பெல்லினி’ ஆய்வின் கதை வேறு. நோய் திரும்பிய அல்லது மருந்துக்குப் பணியாத 291 பேருக்கும் போர்டெசோமிப், டெக்ஸாமெத்தசோன் தரப்பட்டன. அவருள் 194 பேருக்கு வெனட்டோகிளாக்ஸ் கூடுதலாகவும், 97 பேருக்கு அதே தோற்றமுடைய மருந்தில்லா மாத்திரையும் கிடைத்தன. நோய் முற்றாதிருந்த காலத்தின் இடைநிலை அளவு 11.5 மாதத்திலிருந்து 22.4 மாதமாக உயர்ந்தது. இதை மட்டும் நோக்கின் வெற்றியென்றே கொண்டாடியிருப்போம். ஆனால் இறந்தோர் கணக்கு வேறொன்று சொல்லிற்று: மருந்து சேர்த்த 194 பேரில் 41 பேர்; சேர்க்காத 97 பேரில் 11 பேர். 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அம்மருந்தைக் கொண்டு நடந்த பிற மைலோமா சோதனைகளில் புதியவர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. வேறு சில குருதிப் புற்றுநோய்களுக்கோ அதே மருந்து இன்றும் நற்பயன் அளித்து வருகின்றது.

நோயாளிக்கு மருந்தில்லா மாத்திரை தருவது முறையோ எனப் பெரியோர் சிலர் வினவுவர். ஐயம் நியாயமானதே. ஆயினும் அந்த 97 பேரும் மருந்தின்றி விடப்படவில்லை. அறிந்த இரு மருந்துகளைப் பெற்றனர். அவர்களோடு ஒப்பிட இயலாதிருந்தால் அத்தீமை நோயின் கணக்கிலேயே சேர்ந்திருக்கும். தாமே இசைந்து முன்வந்த அந்நோயாளர்கள் பின்வருவோர்க்கு வழியையும் காட்டினர். வழியிலிருந்த பள்ளத்தையும் காட்டினர். இரண்டுக்கும் நாம் கடன்பட்டுள்ளோம்.